வழியில் நிறுத்தப்படும் சரக்கும் கையில் பெற வேண்டிய உத்தரவும்



கொங்கு நாட்டு ஊர்களில் சிறு கடை வைத்தும், லாரி ஓட்டியும், புக்கிங் ஆபீஸ் நடத்தியும் ஜீவனம் செய்துவரும் நாங்கள், எங்களைப் போலவே வரி கட்டி வாழ்கின்ற உங்கள் முன் ஒரே ஒரு விஷயத்தை வற்புறுத்திச் சொல்ல வந்திருக்கிறோம். வழியில் சரக்கு தடுத்து வைக்கப்பட்டால், அபராதம் கட்டி விடுவித்துக்கொண்ட பிறகும், காரணம் காட்டி எழுதப்பட்ட உத்தரவு கையில் வந்து சேரும்வரை காரியம் முடிந்துவிட்டதாக எண்ணாதீர்கள்.

2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்தபோது எல்லைச் சோதனைச் சாவடிகள் மூடப்பட்டன. அடுத்த ஆண்டு ஏப்ரலில், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் விட்டு மாநிலம் செல்ல இ-வே பில் என்னும் மின்னணு வழிச்சீட்டு கட்டாயமாயிற்று. சாவடி போன இடத்தில் வரி இலாகாவின் பறக்கும் படை வந்தது. நடுநிசியில் எங்கோ ஒரு புறவழிச்சாலையில் லாரியை நிறுத்திவிட்டு டிரைவர் போனில் கூப்பிடும்போது, பில்லில் என்ன பிழை, சட்டத்தில் அதற்கு என்ன விதி என்றெல்லாம் விசாரிக்க முதலாளிக்கு அவகாசமும் இல்லை, மனநிலையும் இல்லை. நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறுகிறது, சரக்குக்குக் காத்திருப்பவர் வேறிடத்தில் வாங்கிவிடுவாரோ என்ற பயம் வேறு. ஆகவே கேட்ட தொகையைக் கட்டிவிடுகிறார். அந்தத் தொகையும் அற்பமானதன்று. 2022 ஜனவரி முதல், உரிமையாளரே முன்வந்து விடுவிக்கும்போதுகூட, ஜி.எஸ்.டி. சட்டத்தின் 129 ஆம் பிரிவின்படி வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம். 18 சதவிகித வரிக்குரிய ஒரு லட்ச ரூபாய்ச் சரக்குக்கு 36,000 ரூபாய்.

வரி ஏய்ப்பவனுக்காக நாங்கள் பரிந்து பேசவில்லை. போலி பில் போடுகிறவன் முதலில் கெடுப்பது பக்கத்துக் கடையில் நேர்மையாக வியாபாரம் செய்பவனைத்தான். ஆனால் எழுத்துப் பிழையையும் ஏய்ப்பையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமாகாது என்பதை மத்திய வரி வாரியமே 2018 செப்டம்பர் சுற்றறிக்கையில் ஒப்புக்கொண்டு, லாரி எண்ணில் ஓரிரு இலக்கம் மாறியது, பெயரில் எழுத்துப் பிசகியது போன்றவற்றுக்கு மொத்தம் 1,000 ரூபாய் அபராதமே போதும் என்று விதித்திருக்கிறது. இதை அறியாமல் ஆயிரம் கட்ட வேண்டிய இடத்தில் பல ஆயிரம் கட்டிவிட்டு வந்தவர்கள் எங்களிலேயே உண்டு.

நியாயஸ்தலங்கள் இவ்விஷயத்தில் உறங்கிக் கிடக்கவில்லை. கோயமுத்தூர்ச் சோதனைச் சாவடி அதிகாரி சம்பந்தப்பட்ட வழக்கிலேயே, 1970 ஆம் ஆண்டில், எல்லையருகே வண்டியில் வரும் சரக்கெல்லாம் இந்த மாகாணத்தில் விற்கப்பட்டதுதான் என்று அனுமானித்துக்கொண்டு அதைப் பறிமுதல் செய்யும் அதிகாரம், விற்பனை வரி விதிக்கும் அதிகாரத்தில் அடங்காது என்று சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்து, அன்றைய சென்னை விற்பனை வரிச் சட்டத்தில் அந்த அதிகாரத்தைத் தந்த உட்பிரிவைச் செல்லாததாக்கியது. ஜி.எஸ்.டி. காலத்தில் தெலங்கானாவில், போராட்டத்தால் வழி அடைபட்டு இ-வே பில்லின் காலக்கெடு கடந்துவிட்ட காகிதச் சரக்கைத் தடுத்து 69,000 ரூபாய் வசூலித்தார்கள். கெடு கடந்தது என்ற ஒன்றைக் கொண்டே ஏய்ப்பு நோக்கத்தை ஊகிக்க முடியாது என்ற ஹைகோர்ட் தீர்ப்பை 2022 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் உறுதி செய்ததோடு, ஹைகோர்ட் விதித்திருந்த 10,000 ரூபாய்ச் செலவுத் தொகையை 69,000 ஆக உயர்த்தி, அதைப் பொறுப்பான அதிகாரிகளிடமே வசூலிக்கும்படி கூறிற்று.

எனினும், எங்கள் வேண்டுகோளுக்கு ஆதாரமாக நிற்பது 2025 ஜூலையில் வந்த தீர்ப்பே. கர்நாடகத்திலிருந்து டில்லிக்குப் போன பாக்குச் சரக்கு வழியில் உத்தரப் பிரதேசத்தில் தடுக்கப்பட்டது; வியாபாரி தம் ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்துவிட்டு, வேறு வழியின்றி அபராதமும் கட்டினார். கட்டியதால் நடவடிக்கை முடிந்துவிட்டது, உத்தரவு எதற்கு என்றது வரி இலாகா. உத்தரவு இல்லையேல் அப்பீல் செய்வது எதன்மேல்? பணம் கட்டியதாலேயே ஒருவர் தம் உரிமையைத் துறந்தவராக மாட்டார், காரணங்களுடன் கூடிய உத்தரவைப் பிறப்பித்தே ஆக வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் கட்டளையிட்டது. அப்பீலுக்கு வழியிருக்கையில் நேரே ஹைகோர்ட்டுக்குப் போவது சாதாரணமாக அனுமதிக்கப்படாது என்று அதே கோர்ட் 2021 இல் சொல்லியிருப்பதால், எளியவனுக்கு அந்த ஒரு காகிதமே வாசல். அதைப் பெற்று மூன்று மாதத்திற்குள் அப்பீல் செய்ய வேண்டும்.

ஆதலால் கடைக்காரர்களே, லாரி உரிமையாளர்களே, பணம் கட்டும் அன்றே உங்கள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள், எம்.ஓ.வி.-09 என்னும் படிவத்தில் உத்தரவைக் கேட்டு வாங்குங்கள். இ-வே பில்லின் கெடு முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்னும் பின்னும் அதை நீட்டித்துக்கொள்ளலாம் என்பதையும், அதிகாரிகள் வண்டியை முப்பது நிமிஷத்துக்கு மேல் நிறுத்தி வைத்தால் அதை இ.டபிள்யூ.பி.-04 படிவத்தில் பதிவு செய்யலாம் என்பதையும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, புக்கிங் ஆபீஸ் சுவரில் ஒன்று ஒட்டுங்கள்; லோடு ஏற்றியதும் பில்லோடு சேர்த்து டிரைவர் கையில் ஒன்று கொடுத்தனுப்புங்கள்.

இங்ஙனம்,
கோயமுத்தூர் வட்டாரச் சிறு வியாபாரிகளும் லாரித் தொழில் செய்வோரும்