பி20 இல்லாவிட்டால் குப்பையா?

ஏனுங்க, "பி20 வெண்கலம் இல்லையென்றால் சிம்பலே வாங்காதே, காசு சேரும்வரை பொறு" என்று கோவைப் பிள்ளைகளுக்கு யோசனை சொல்கிறீர்களே, டிரம்மர் ஜான் பான்ஹாம் குப்பையையா அடித்தார்? லெட் செப்பெலின் மேடையில் அவர் வைத்திருந்த பைஸ்டி 2002 வரிசை, 8 சதவீதம் வெள்ளீயம் கலந்த பி8 தகடு. 1971இல் வந்தது, இன்றும் விற்கிறது. பி20 என்றால் 20 சதவீதம் வெள்ளீயம்; அது கலவைக் கணக்கு, தர முத்திரை அல்ல. பம்பு வார்க்கும் பீளமேட்டில் இதை விளக்க வேண்டியிருக்கிறதே!

டிரம் செட்டோடு சேர்ந்து வரும் பித்தளைத் தட்டைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அது பெரும்பாலும் தகரச் சத்தம்தான். அதற்காக நேரே பி20க்குத் தாவ வேண்டுமா?

கையில் இருக்கும் காசுக்கு முதலில் 14 அங்குல ஹை-ஹாட் ஜோடி. பாட்டு முழுக்க உழைப்பது அதுதான்; கிராஷ் அப்புறம் வரட்டும். பழையதென்றாலும் கூச்சம் வேண்டாம். நடுத்துளையில் விரல் விட்டுத் தொங்கவிட்டு ஓரத்தை மெல்லத் தட்டுங்கள். துளை தேய்ந்து நீண்டிருந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம். நாதத்தோடு கரகரப்பு வந்தாலோ, விளிம்பில் ஓட்டும் நகம் கீறலில் சிக்கினாலோ பேரமே வேண்டாம்.

பி20க்குக் காசு சேரும்வரை அந்தப் பையன் எதைத் தட்டிப் பழகுவானாம், சோற்றுத் தட்டையா?