“இன்னும் கொஞ்சம் கூட்டி வை, தம்பி!”

வத்தலக்குண்டில் திருவிழா. கம்பத்துக்குக் கம்பம் ஒலிபெருக்கிக் குழாய். கொடைக்கானல் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறார். “இன்னும் கொஞ்சம் கூட்டி வை, தம்பி!” என்கிறார் விழாக் குழுப் பெரியவர். மைக்செட்டுக்காரத் தம்பியும் கூட்டி வைக்கிறார். சத்தம் கூடுகிறது. பாட்டுத்தான் புரியவில்லை!

ஏன்? கூம்புக் குழாய்க்குத் தாழ்ந்த ஓசை வராது. ‘டபுள் பேஸ்’ என்று ஒரு வாத்தியம் இருக்கிறது. வயலினுக்குப் பெரியண்ணன், ஆளை மிஞ்சிய உயரம். அதன் அடித் தந்தியை மீட்டினால் விநாடிக்குச் சுமார் 41 அதிர்வுகள். குழாயோ 200, 300 அதிர்வுகளுக்குக் கீழே பெரும்பாலும் வாயே திறக்காது. எவ்வளவு கூட்டினாலும் கூடுவது கீச்சுக் குரல்தான்.

அந்தப் பெரியண்ணனை வாசித்துக்கொண்டே ஒலிப்பதிவிலும் பெயர் எடுத்த ஒருவர் இருந்தார். பீட்டர் இண்ட். இங்கிலாந்துக்காரர், 1928-இல் பிறந்தவர். ஜாஸ் இசையின் மீது பித்து. நியூயார்க் செல்லும் ‘குயின் மேரி’ கப்பலின் வாத்தியக் குழுவில் சேர்ந்துகொண்டார். கப்பல் கரை சேர்ந்ததும் லென்னி டிரிஸ்டானோ என்ற பார்வையற்ற பியானோ மேதையிடம் ஓடிப் பாடம் கேட்டார்! 1951-இல் அங்கேயே குடியேறினார். நண்பர்கள் வாசித்ததைத் தாமே பதிவு செய்தார். ‘வேவ்’ என்ற பெயரில் இசைத்தட்டுகளும் வெளியிட்டார். 1984-இல் லண்டனில் ‘பேஸ் கிளெஃப்’ என்ற ஜாஸ் அரங்கை நிறுவினார். 2021-இல் காலமானார்.

இரண்டு தொழில் என்று பார்க்காதீர்கள். இரண்டுக்கும் வேண்டியது ஒரே காது. ஜாஸ் கச்சேரியில் சாக்ஸபோன் மேலே பறக்கும், கைதட்டல் அதற்கே. பேஸ்காரர் பின்னால் நின்று நடையையும் சுருதியையும் தாங்குவார். எல்லாரையும் கேட்டுக்கொண்டே வாசிப்பார். ஒலிப்பதிவாளரின் வேலையும் அதுதானே!

நம்மிடையே எச். ஸ்ரீதர் இருந்தார். ‘மகாநதி’, ‘தில் சே’, ‘லகான்’, ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ ஆகிய படங்களின் ஒலிக்காக நான்கு தேசிய விருதுகளில் அவர் பெயர் உண்டு. 2008 டிசம்பர் 1-இல் மறைந்தார். 2010-இல் ‘ஸ்லம்டாக் மில்லியனர்’ இசைத்தொகுப்புக்குக் கிராமி விருது கிடைத்தபோது, ஒலிப் பொறியாளர் வரிசையில் மறைந்துவிட்ட அவர் பெயரும் இருந்தது. பாடியவர் யாரென்று பந்தயம் கட்டும் நாம், ஸ்ரீதரின் பெயரை ஒரு முறையாவது சொல்லியிருப்போமா?

மைக்செட்டுத் தம்பியும் அந்தத் தொழிலின் கடைசிப் படியில் நிற்பவர்தான். அவருக்குச் சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை. சென்னை தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட நிறுவனத்தில் ஒலிப்பதிவுக்குப் பட்டப் படிப்பு இருக்கிறது. நல்லது. ஆனால் பிழைப்பை விட்டுவிட்டு அவர் சென்னைக்குப் போய் வருஷக் கணக்கில் தங்க முடியுமா? திண்டுக்கல்லிலேயே ஒரு மாத வகுப்பு நடத்தினால் போதும். எந்த இடத்துக்கு எத்தனை பெட்டி, எந்தப் பக்கம் திருப்புவது, எதைக் குறைப்பது என்று கற்றுக் கொடுக்கலாம். (பெட்டி வைத்துவிட்டு அடி ஓசையை மட்டும் ஏற்றி, நெஞ்சுக்கூட்டை அதிர வைப்பதும் கொடுமையே!) அரசு இதைச் செய்ய வேண்டும்.

விழாக் குழுவினருக்கு ஒரு வேண்டுகோள். பந்தலுக்கும் சீரியல் விளக்குக்கும் கணக்குப் பார்க்காமல் கொடுக்கிறீர்கள். குழாயை இறக்கிவிட்டு, நல்ல பெட்டிகள் கொண்டுவரத் தம்பிக்குக் கொஞ்சம் கூடக் கொடுங்கள். முதல் நாளே வரச் சொல்லுங்கள். காலிப் பந்தலில் ஒரு பாட்டைப் போட்டு, நாலு மூலையிலும் நின்று அவர் கேட்டுப் பார்க்கட்டும்.