பழஞ்சாணையைப் புதுக்குதல்

பழுதுற்ற கருவியைப் பழைய இரும்புக்கு விற்றுவிடுதல் இன்று வழக்கமாயிற்று. மணிகளைத் தீட்டும் சாணைப்பொறிக்கு இவ்வழக்கம் தகாது.

குருந்தம் என்னும் வன்கல்லைப் பொடித்து, அரக்குடன் கூட்டிச் சாணைவட்டு அமைத்தல் நம் நாட்டின் பழைய முறை. குருந்தம் என்னும் சொல்லே ஆங்கிலத்தில் ‘கொரண்டம்’ ஆயிற்று. மோவின் கடின அளவையில் வைரம் 10, குருந்தம் 9. மாணிக்கமும் நீலமும் குருந்தத்தின் வகைகளே.

தாம்பரத்திற்கு வடக்கேயுள்ள பல்லாவரத்தில், 1863-ஆம் ஆண்டில், இராபர்ட் புரூசு பூட்டு என்னும் நிலநூலறிஞர் பழைய கற்காலக் கருவியொன்றைக் கண்டெடுத்தார். ஆதலின், கல்லை வயப்படுத்தும் கைத்திறன் இவ்வட்டாரத்திற்குப் புதிதன்று.

வீட்டுப் பட்டறையில் பழம்பொறியின் துருவை நீக்கி, அச்சை நேராக்கி, தேய்ந்த வாரை மாற்றுவோன் அதன் இயக்கத்தை முற்றும் அறிவான். புதியதை விலைக்கு வாங்குவோன் அவ்வறிவைப் பெறான்.

எனினும், பழமைப்பற்று அளவு கடத்தலாகாது. விரிசலுற்ற வட்டு சுழலுங்கால் சிதறி உயிர்க்கே ஊறு செய்யும். அதனைத் தயங்காது விலக்குக. கல்துகள் நுரையீரலைக் கெடுக்கும். ஆதலின் நீர் வார்த்தே தீட்டுக.

கொள்ளத்தக்கதைக் கொண்டு, தள்ளத்தக்கதைத் தள்ளிச் செப்பனிடுதலே பழமையைப் போற்றும் முறையாகும்.