முதல்ல வந்தவர் தோத்தா அநியாயமா?

விருப்ப வரிசை ஓட்டுன்னு வாயைத் திறந்தாலே போதும், "பர்லிங்டன்ல என்ன ஆச்சு தெரியுமா?"ன்னு ஒரு கூட்டம் கிளம்பி வந்துடுது. தெரியும் சாமிகளா. கணக்கோட தெரியும். வாங்க பார்ப்போம்.

முதல்ல முறை. ஒரே ஒருத்தருக்கு ஓட்டுப் போடாம, வேட்பாளர்களுக்கு 1, 2, 3ன்னு வரிசை போடணும். முதல் எண்ணிக்கையில யாருக்கும் பாதிக்கு மேல தேறலைன்னா, கடைசியில இருக்கிறவரை நீக்கிட்டு, அவரோட சீட்டுகளை அதுல அடுத்த விருப்பமா இருக்கிற ஆளுக்கு மாத்துவாங்க. ஒருத்தர் பாதியைத் தாண்டுற வரைக்கும் இதே வேலை. அவ்வளவுதான்.

அமெரிக்காவுல வெர்மான்ட் மாநிலத்துல இருக்கற ஊர் பர்லிங்டன். 2009 மேயர் தேர்தல்ல முதல் எண்ணிக்கை: குடியரசுக் கட்சி கர்ட் ரைட் 2,951, முற்போக்குக் கட்சி பாப் கிஸ் 2,585, ஜனநாயகக் கட்சி ஆண்டி மாண்ட்ரோல் 2,063. மத்தவங்க அதுக்குக் கீழே. கடைசிச் சுற்றில் கிஸ் 4,313, ரைட் 4,061. கிஸ் மேயர்.

"முதல்ல வந்தவரைத் தோக்கடிச்சுட்டாங்களே!"ன்னு ஒப்பாரி. அட, அவர் வாங்கினது மூணுல ஒரு பங்குகூட இல்லைங்க. மீதி ரெண்டு பங்கு ஜனங்க வேற ஆளைக் கேட்டாங்களே, அவங்க மனுஷங்க இல்லையா?

நிஜமான குறை வேற இடத்துல இருக்கு. அதே சீட்டுகளை வச்சு ரெண்டு ரெண்டு பேரா மோதவிட்டா, மாண்ட்ரோல் கிஸ்ஸையும் ஜெயிக்கிறார், ரைட்டையும் ஜெயிக்கிறார். ஆனா 1 போட்டவங்க கம்மி, அதனால நடுவுலயே அவுட். ரைட்டுக்கு 1, மாண்ட்ரோலுக்கு 2 போட்டவங்களோட அந்த 2ஐ யாரும் எண்ணவே இல்லை. ஏன்னா ரைட் கடைசி வரைக்கும் களத்துல இருந்தார். இது ஓட்டைதான், ஒத்துக்கறேன்.

சரி, ஓட்டையை அடைச்சாங்களா? 2010 மார்ச்சில் 52க்கு 48ன்னு முறையையே தூக்கி எறிஞ்சாங்க. மேயர் மேல இருந்த கடுப்பும் அதுல சேர்ந்துக்கிச்சு. புது விதி: 40 சதவீதம் வாங்கினா வெற்றி. யாரும் வாங்கலைன்னா முதல் ரெண்டு பேருக்கு மட்டும் மறுபடி தேர்தல்.

2009 கணக்கை இந்த விதியில போட்டுப் பாருங்க. 40 யாருக்கும் இல்லை. மறுபடி மோதப்போறது யாரு? அதே ரைட், அதே கிஸ்! மாண்ட்ரோல் இங்கேயும் அவுட். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினாங்க. வீடு போச்சு, மூட்டைப்பூச்சி சாகலை.

செய்ய வேண்டியது ரொம்பச் சின்ன வேலை. ஒவ்வொருத்தரையும் தனித்தனியா மோதவிட்டு, எல்லாரையும் ஜெயிக்கிறவர் ஒருத்தர் இருந்தா அவருக்கே பதவின்னு ஒரு விதி சேர்த்தா போதும். சீட்டு அதேதான், எண்ணுறதுதான் மாறும். பர்லிங்டன்காரங்களே 2021ல நகர மன்றத் தேர்தலுக்கு விருப்ப வரிசை திரும்ப வேணும்னு ஓட்டுப் போட்டாங்க.

"ஜனங்களுக்குப் புரியாது"ன்னு சொல்றவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. 1969ல நம்ம வி.வி.கிரி ஜனாதிபதி ஆனது ரெண்டாவது விருப்பத்தை எண்ணித்தான். எம்.எல்.ஏ., எம்.பி.க்களுக்கு 1, 2, 3 போடத் தெரியுது. அவங்களைத் தேர்ந்தெடுத்த நமக்குத் தெரியாதாமா?

டிஸ்கி: கிஸ் நல்ல மேயரா இல்லையாங்கறது இங்க பேச்சே இல்லை. ஆளைப் பிடிக்கலைன்னா ஆளை மாத்துங்க. தராசை உடைக்காதீங்க.