நடுப் பாகத்துக்கு மட்டும் ஏன் இத்தனை திட்டு? 'எ ஃபீஸ்ட் ஃபார் க்ரோஸ்' நாவலும் வாசகர்களின் தீராத சண்டையும்

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' பார்த்து முடித்த கையோடு, "சரி, புத்தகத்தையும் ஒரு கை பார்ப்போம்" என்று இறங்கியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். முதல் மூன்று பாகங்களைத் தூக்கத்தைத் தொலைத்துப் படித்திருப்பார்கள். நான்காவதில் பலருக்கு வண்டி நின்றிருக்கும்.

ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' வரிசையில் நான்காவது நாவல் 'எ ஃபீஸ்ட் ஃபார் க்ரோஸ்'. 2005-ல் வெளியானது. வந்ததுமே நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் முதலிடம். மறு ஆண்டு ஹ்யூகோ விருதின் இறுதிப் பட்டியலிலும் இடம். ஆனாலும் வாசகர்கள் இன்றுவரை இரண்டு கட்சிதான். "மொத்த வரிசையிலேயே இதுதான் செம போர்" என்பது ஒரு கட்சி. "இதுதான் இருப்பதிலேயே முதிர்ச்சியான நாவல்" என்பது இன்னொரு கட்சி.

ஒரே புத்தகத்துக்கு எப்படி இரண்டு தீர்ப்பு? இது வெறும் ரசனை வேறுபாடுதானா?

முதலில், நடந்தது என்ன?

மூன்றாம் பாகமான 'எ ஸ்டார்ம் ஆஃப் ஸ்வார்ட்ஸ்' 2000-ல் வந்தது. அதன் பிறகு கதையை ஐந்தாண்டுகள் தாண்டி நகர்த்துவதுதான் மார்ட்டினின் திட்டம். சிறுவர்களாக இருந்த பாத்திரங்கள் அதற்குள் வளர்ந்துவிடுவார்கள். ஆனால் எழுத எழுத, நடுவில் நடந்ததையெல்லாம் பின்னோக்கிச் சொல்லியே பக்கங்கள் தீர்ந்தன. 2001-ல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டு, இடைவெளி இல்லாமல் கதையைத் தொடர முடிவு செய்தார்.

அடுத்த சிக்கல், அளவு. எழுதியது ஒரே புத்தகத்துக்குள் அடங்கவில்லை. வழக்கமாக முதல் பாதியை ஒரு நூலாகவும் அடுத்த பாதியை இன்னொரு நூலாகவும் வெட்டுவார்கள். மார்ட்டின் பாத்திரங்களை வைத்து, இடங்களை வைத்து வெட்டினார். தலைநகர், டோர்ன், இரும்புத் தீவுகள் எல்லாம் நான்காம் பாகத்துக்கு. சுவர், கடல் தாண்டிய மீரீன் நகரம் எல்லாம் ஐந்தாம் பாகத்துக்கு. இரண்டு நூல்களும் பெரும்பாலும் ஒரே காலகட்டத்தில் நடப்பவை.

விளைவு? ரசிகர்களின் செல்லங்களான டிரியன், டெனேரிஸ் இருவருக்கும் நான்காம் பாகத்தில் ஒரு அத்தியாயம்கூட இல்லை. ஜான் ஸ்னோ, சாம் வழியாகக் கொஞ்சம் எட்டிப் பார்ப்பதோடு சரி.

மறு பாதி அடுத்த ஆண்டே வரும் என்று நம்புவதாக நூலின் பின்னுரையில் மார்ட்டின் எழுதினார். 'எ டான்ஸ் வித் டிராகன்ஸ்' வந்ததோ 2011 ஜூலையில்.

வாசகர்கள் சொல்லும் குறைகள் என்ன?

கேட்கும் புகார்களைப் பிரித்துப் பார்த்தால் மூன்று வகை தெரியும்.

ஒன்று, "எனக்குப் பிடித்தவர்கள் எங்கே?" அவர்கள் இருக்க வேண்டிய இடத்தில் புதுப் புது ஆட்கள். அத்தியாயத் தலைப்பில் பெயர்கூட இல்லாமல் 'தீர்க்கதரிசி', 'காவலர் தலைவன்' என்று பட்டங்கள் வேறு.

இரண்டு, "கதை நகரவே இல்லை." இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் பிரியென். அவள் சான்ஸாவைத் தேடி ஊர் ஊராக அலைகிறாள். சான்ஸா அங்கே இல்லை, வேறொரு கோட்டையில் இருக்கிறாள் என்பது நமக்கு முன்பே தெரியும். கிடைக்காது என்று தெரிந்த தேடலை இத்தனை பக்கம் ஏன் படிக்க வேண்டும்?

மூன்று, "சொன்ன சொல் என்னாச்சு?" இது புத்தகத்தின் மேல் உள்ள கோபமே இல்லை. எழுத்தாளர் மேல் உள்ள கோபம்.

ஆதரவாளர்கள் என்ன சொல்கிறார்கள்?

தலைப்பிலேயே பதில் இருக்கிறது என்கிறார்கள். போர் முடிந்த களத்தில் காக்கைகளுக்குத்தான் விருந்து. முதல் மூன்று பாகங்கள் அரசர்களின் போரைச் சொன்னால், இது அந்தப் போர் ஊர்களை என்ன செய்தது என்பதைச் சொல்கிறது. பிரியென் தேடுவது கிடைக்காமல் போகலாம். ஆனால் அவள் கண் வழியாகத்தான் எரிந்த கிராமங்களையும், படையை விட்டு ஓடித் திருடர்களான சாதாரணச் சிப்பாய்களையும் பார்க்கிறோம்.

அதேபோல் செர்சி. அதுவரை வெளியிலிருந்து மட்டுமே பார்த்த வில்லியின் தலைக்குள் முதன்முறையாக நுழைகிறோம். தன்னை மகா புத்திசாலி என்று நம்பும் ஒருவர், எடுக்கும் ஒவ்வொரு முடிவிலும் தனக்கே குழி தோண்டுவதைக் கிட்டத்தில் பார்ப்பது தனி அனுபவம். மேலதிகாரியால் நொந்துபோன எவருக்கும் இந்த அத்தியாயங்கள் பிடிக்கும்!

தொலைக்காட்சித் தொடரும் இந்தக் கட்சிக்கு ஆள் சேர்த்தது. டோர்ன் இளவரசி அரியான், லேடி ஸ்டோன்ஹார்ட் போன்றவர்கள் திரையில் வரவே இல்லை. 2019-ல் வந்த கடைசி சீசன் பலருக்குக் கசந்தது. அதன் பிறகு புத்தகத்துக்குத் திரும்பிய சிலர், 'வேண்டாத கிளைக்கதை' என்று சொல்லப்பட்டவற்றின் எடையை அப்போதுதான் உணர்ந்ததாகச் சொல்கிறார்கள்.

அப்போ யார் சொல்வது சரி?

இங்கே ஒரு எளிய கணக்குப் போடலாம். 2000-ல் மூன்றாம் பாகத்தை மூடிய வாசகருக்கு, டிரியனின் அடுத்த அத்தியாயம் கிடைத்தது 2011-ல். 11 ஆண்டுகள். கல்லூரியில் படிக்க ஆரம்பித்தவர், குழந்தையைப் பள்ளியில் சேர்க்கும் வயதுக்கு வந்திருப்பார். இன்று படிப்பவருக்கு அதே இடைவெளி சில வாரங்கள்தான். நான்கை முடித்த இரவே ஐந்தைத் திறக்கலாம். எழுத்தில் பெரிய மாற்றம் இல்லை. காத்திருப்புதான் மாறியிருக்கிறது.

இதைச் சோதிக்க இன்னொரு வரிசை இருக்கிறது. ராபர்ட் ஜோர்டனின் 'தி வீல் ஆஃப் டைம்'. அதன் ஒன்பதாம் பாகம் 2000-ல் ஒரு மாபெரும் மந்திர நிகழ்வோடு முடிந்தது. அடுத்து என்ன என்று தவித்தவர்கள் கைக்கு 2003-ல் வந்த பத்தாம் பாகமான 'க்ராஸ்ரோட்ஸ் ஆஃப் ட்வைலைட்', அதே நாளில் மற்ற பாத்திரங்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று சொல்லவே நிறைய பக்கங்களை எடுத்துக்கொண்டது. வாசகர்கள் கொதித்தார்கள். நடுவில் இழுபடும் பாகங்களுக்கு 'ஸ்லாக்' என்று பட்டப்பெயரே வைத்தார்கள்.

ஜோர்டன் 2007-ல் காலமானார். அவரது குறிப்புகளை வைத்து பிராண்டன் சாண்டர்சன் எழுதி முடிக்க, 14-ஆம் பாகம் 2013-ல் வந்தது. அதன் பிறகு படிப்பவர்களில் பலர், "ஸ்லாக் அப்படியொன்றும் பயமுறுத்தவில்லையே" என்கிறார்கள். ஆனால் அவர்களிலும் நிறையப் பேர், "பத்தாவது மட்டும் நிஜமாகவே இழுவைதான்" என்று ஒத்துக்கொள்கிறார்கள்.

ஆக, காத்திருப்பு தந்த எரிச்சல், வரிசை முடிந்ததும் கரைந்துவிடுகிறது. எழுத்திலேயே உள்ள தொய்வு கரைவதில்லை. நடுப் பாகத்தைப் பற்றிய கருத்துகளைப் படிக்கும்போது இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பது அவசியம்.

மார்ட்டின் வரிசைக்கு இந்தச் சோதனையை முழுதாகச் செய்ய முடியவில்லை. ஆறாம் பாகமான 'தி விண்ட்ஸ் ஆஃப் விண்டர்' 2011-லிருந்து காத்திருப்பில்தான் இருக்கிறது. நான்காம் பாகத்தில் விதைத்தது முளைக்குமா என்று தெரியாதவரை, அதன் மீதான தீர்ப்பும் தள்ளித்தான் போகும்.

இதில் நமக்கென்ன?

இந்த அனுபவத்தில் சூடு பட்ட பலர், "முழுசா முடியட்டும், அப்புறம் தொடுறேன்" என்று முடிவெடுத்துவிட்டார்கள். பேட்ரிக் ராத்ஃபஸ் வாசகர்களுக்கும் இதே நிலைதான். அவரது மூன்று பாக வரிசையின் நடு நூல் 2011-ல் வந்தது. மூன்றாவது நூல் இன்னும் கைக்கு வரவில்லை.

வாசகரின் கோபம் நியாயமானது. ஆனால் இந்த முடிவின் அடி மார்ட்டின் மேல் விழுவதில்லை. அவர் புத்தகம் எப்போது வந்தாலும் விற்கும். அடி விழுவது முதல் பாகத்தை இப்போதுதான் வெளியிட்ட புதிய எழுத்தாளர் மேல். முதல் பாகத்தின் விற்பனையைப் பார்த்துத்தான் பதிப்பகம் அடுத்ததற்குத் தலையாட்டும். எல்லோரும் முடியட்டும் என்று காத்திருந்தால், அந்தக் கதை நடுப் பாகத்தையே எட்டாமல் போகலாம்.

நான்காம் பாகத்தில் நின்றுபோனவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. நான்கையும் ஐந்தையும் கால வரிசைப்படி கலந்து படிக்க ரசிகர்களே அத்தியாயப் பட்டியல் தயாரித்திருக்கிறார்கள். அப்படிப் படித்தால் டிரியன் சீக்கிரமே வந்துவிடுவான். ஆனால் முதல்முறை படிப்பவர்கள் அச்சான வரிசையிலேயே போவது நல்லது. செர்சியின் சரிவை இடைவெளி இல்லாமல் பார்க்கும்போதுதான் அந்த நாவல் தன் வேலையைச் செய்கிறது.