பிரதிவாதிக்கு ஓர் இடம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, கட்சிப் பணியில் முழுமூச்சாக ஈடுபட்டுள்ள இளைஞர் ஒருவர் நமது இல்லத்துக்கு வந்திருந்தார். காப்பி வரும் வரையில் எழுந்து சென்று நமது புத்தக அலமாரியைப் பார்வையிட்டார். கம்பனுக்குப் பக்கத்தில் இப்ஸன். திருக்குறளை அடுத்துப் பெர்னாட் ஷா. காந்தியடிகளோடு தோள் சேர்ந்தாற்போல் டாக்டர் அம்பேத்கர். மேல்தட்டில் சூத்ரகன், ஷேக்ஸ்பியர், தாகூர், வேதநாயகம் பிள்ளை, பம்மல் சம்பந்த முதலியார். இவ்வளவையும் பார்த்துவிட்டுத் திரும்பி, "ஐயா, இந்த அலமாரியில் நம்மவர் யார், எதிரி யார் என்றே விளங்கவில்லையே! தாங்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

விளையாட்டாகக் கேட்ட கேள்விதான். ஆயினும் இன்று அரசியல் தொண்டர்களில் பெரும்பாலோர் மனத்தில் இருக்கும் எண்ணத்தையே அவர் வாய்விட்டுச் சொன்னார். ஆகையால் அவருக்கு அன்று கூறிய விடையை நேயர்கள் முன்னும் வைக்கத் துணிகிறோம்.

நீதிமன்றத்தில் 'கட்சி' என்ற சொல்லுக்கு வழக்கின் ஒரு பக்கம் என்பதே பொருள். வாதியின் கட்சி ஒன்று. பிரதிவாதியின் கட்சி மற்றொன்று. இரண்டையும் கேட்ட பின்னரே தீர்ப்பு. பிரதிவாதி வராதபோது வழங்கப்படும் ஒருதலைத் தீர்ப்பும் தீர்ப்புத்தான். ஆனால் அதன் ஆயுள் உறுதியானதன்று. சம்மன் முறைப்படி வந்து சேரவில்லை என்றோ, வர இயலாமைக்குத் தக்க காரணம் இருந்தது என்றோ அவர் மெய்ப்பித்தால், சிவில் நடைமுறைச் சட்டத்தின் 9-ஆம் கட்டளை, 13-ஆம் விதியின்படி அது ரத்தாகிவிடும். தன் கட்சி நூல்களை மட்டுமே படித்தவனுடைய கொள்கையும் இத்தகைய ஒருதலைத் தீர்ப்பே. எதிராளி ஒருவன் வந்து இரண்டு கேள்வி கேட்டானானால் அது நிலைகுலையும். பிறகு எஞ்சுவது கோபம் ஒன்றே. கோபம் வாதமாகுமா?

நமது அலமாரியில் நாடகங்கள் மிகுந்திருப்பதற்கும் இதுவே காரணம். கட்டுரையாளன் தான் ஒருவனே பேசலாம். நாடகாசிரியனுக்கோ அந்தச் சலுகை இல்லை. எதிரிக்கும் அவன் வாய் கொடுத்தாக வேண்டும். அந்த வாய்க்கு வலுவான பேச்சும் கொடுக்க வேண்டும். கொடுக்கத் தவறினால் சபை கொட்டாவி விடும். வக்கீல்கள் பலர் நாடகத்தில் மயங்கியதும் வியப்பன்று. 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையை நிறுவிய பம்மல் சம்பந்த முதலியார், வக்கீலாக இருந்து பின்னர் நீதிபதியானவர். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' என்று தமிழ் மேடைக்குக் கொண்டுவந்தவரும் அவரே. அந்தச் சபையில் வேஷம் கட்டியவர்களுள் தேசபக்தர் சத்தியமூர்த்தியும் ஒருவர்.

சூத்ரகனின் 'மிருச்சகடிக'த்தைப் பாருங்கள். பண்டிதமணி கதிரேசச் செட்டியார் அதனை 'மண்ணியற் சிறுதேர்' என்ற பெயரால் தமிழாக்கினார். அதன் ஒன்பதாம் அங்கம் முழுவதும் ஒரு நீதிமன்றக் காட்சி. வசந்தசேனையின் கழுத்தை நெரித்தவன் அரசனுடைய மைத்துனன். அவனே சபைக்கு வந்து, ஏழையாகிவிட்ட சாருதத்தன்மீது கொலைப் பழி சுமத்துகிறான். நீதிபதி நல்லவர், இன்று இந்த வழக்கை எடுப்பதற்கில்லை என்று முதலில் மறுத்தும் பார்க்கிறார். அரசனிடம் சொல்லி உத்தியோகத்தைப் பறித்துவிடுவேன் என்று மைத்துனன் மிரட்டியதும் பணிந்துபோகிறார். நல்லவர்கள் அஞ்சும்போது நீதி எவ்வாறு சாகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சட்டநூல் ஒன்றை நாம் படித்ததில்லை.

பெர்னாட் ஷா 1923-இல் 'புனித ஜோன்' நாடகத்தை எழுதினார். ஜோனை நெருப்பிலிட வழிசெய்த பிஷப்பையும் விசாரணை அதிகாரியையும் கொடியவர்களாக அவர் தீட்டவில்லை. தம் மனச்சாட்சிப்படி நடப்பதாக நம்பிய மனிதர்களாகவே தீட்டினார். 1431-இல் தண்டிக்கப்பட்டவளின் தீர்ப்பு 1456-இல் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. 1920-இல் அவள் புனிதையானாள். கொடியவர் செய்யும் அநீதியை எளிதில் இனங்கண்டுகொள்ளலாம். மனச்சாட்சியுள்ளவர் செய்யும் அநீதியே அச்சந்தருவது. ஏனெனில் அதை நாமும் செய்யக்கூடும்.

பிறரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் நூல்களை மட்டும் வைத்திருந்தால் அது பெருமையாகாது. நம்மையே கூண்டில் ஏற்றும் நூல்களும் அங்கே உள்ளன. 1882-இல் இப்ஸன் எழுதிய 'மக்களின் பகைவன்' அவற்றுள் ஒன்று. ஊருக்குப் பணம் தேடித்தரும் நீராடு நிலையத்தின் தண்ணீர் நஞ்சாகியிருப்பதை டாக்டர் ஸ்டாக்மன் கண்டறிகிறார். அதை வெளியிடுவேன் என்று உள்ளூர்ப் பத்திராதிபர் மார்தட்டுகிறார். செலவு ஊரார் தலையில் விழும் என்று நகரத் தலைவர் கூறிய மாத்திரத்தில் மார்தட்டிய கை தளர்கிறது. டாக்டரின் கட்டுரை நின்றுபோய், நகரத் தலைவரின் அறிக்கை அச்சேறுகிறது! பத்திரிகை நடத்தும் நாம் இந்த மூன்றாம் அங்கத்தைக் கூசாமல் படிக்க முடிந்ததே இல்லை. ஆனால் இப்ஸன் தம் கதாநாயகனையும் தப்பவிடவில்லை. உண்மையைக் கையில் வைத்திருந்தும், கூட்டத்தில் ஜனங்களை இகழ்ந்து பேசி அந்த உண்மைக்கே ஊறு செய்கிறார் டாக்டர். மேடையேறும் தொண்டர் ஒவ்வொருவரும் இதைக் குறித்துக்கொள்வாராக.

வக்கீல் என்ற முறையிலும் நமக்கு அடி விழுகிறது. மாயூரத்தில் முன்சீபாயிருந்த வேதநாயகம் பிள்ளை 1879-இல் வெளியிட்ட 'பிரதாப முதலியார் சரித்திரம்', தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் ஆங்கிலத்தில் வாதாடுவதை எள்ளி நகையாடுகிறது. கட்சிக்காரனுக்குப் புரியாத மொழியில் அவனுடைய வாழ்வைப் பேசி முடிக்கும் தொழிலைச் செய்தவர்கள் அதற்கு இன்றும் விடை கூறக் கடமைப்பட்டவர்கள். காந்தியடிகளும் 1909-இல், லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா திரும்பும் கப்பலில் எழுதிய 'இந்திய சுயராஜ்ய'த்தில் வக்கீல்களை விட்டுவைக்கவில்லை. அவரே ஒரு பாரிஸ்டர்! அந்நூல் முழுவதும் வாசகருக்கும் பத்திராதிபருக்கும் நடக்கும் உரையாடல். பலாத்கார வழியை நாடியவர்களின் வாதத்தை அவர் தம் நூலுக்குள்ளேயே பேசவிட்டு, அதன் பின்னரே மறுத்தார். 1910-இல் பம்பாய் சர்க்கார் அதன் குஜராத்திப் பதிப்பைத் தடை செய்தது.

1905-ஆம் ஆண்டின் சுதேசி இயக்கத்தில் தாமே பாடிக்கொண்டு வீதியில் நடந்த தாகூர், 1916-இல் 'வீடும் வெளியும்' என்ற நாவலில் அவ்வியக்கத்தின் பிழையையும் எழுதினார். ஏழை வியாபாரியின் அந்நியத் துணியைப் பலவந்தமாகக் கொளுத்துவதற்குப் பெயர் தேசபக்தியா என்று அதில் நிகில் கேட்கும் கேள்வி, தேசியவாதிகளின் நெஞ்சில் தைக்க வேண்டிய முள்.

இவை எல்லாவற்றினும் நாம் உயர்வாகப் போற்றுவது டாக்டர் அம்பேத்கரின் 'சாதி ஒழிப்பு'. 1936-இல் லாகூர் மாநாட்டுக்கென எழுதப்பட்ட உரை அது. கருத்துகளைக் கண்டு அஞ்சி மாநாட்டார் கூட்டத்தையே கைவிட, அவர் தம் சொந்தச் செலவில் அச்சிட்டார். காந்தியடிகள் 'ஹரிஜன்' பத்திரிகையில் அதற்கு மறுப்பு எழுதினார். 1937-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது, அந்த மறுப்பையும் தம் பதிலையும் சேர்த்தே அம்பேத்கர் வெளியிட்டார். தம் நூலுக்குள்ளேயே பிரதிவாதிக்கு இடம் கொடுத்த அந்த நெஞ்சுரம் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

"எதிரியைப் பேசவிட்டதால்தானே ஜூலியஸ் சீசர் நாடகத்தில் புரூட்டஸ் கெட்டான்?" என்று இளைஞர் குறுக்கிட்டார். நல்ல கேள்வி. ஆனால் நாடகத்தை ஊன்றிப் படித்தால் வேறொன்று தெரியும். அந்தோணியைப் பேசவிட்டதோடு புரூட்டஸ் நின்றானா? ஜனங்களை அங்கேயே இருந்து கேளுங்கள் என்று சொல்லிவிட்டுத் தான் மட்டும் போய்விட்டான். அந்தோணி என்ன சொன்னான் என்று கேட்கவுமில்லை. அதற்கு மறுமொழி கூறவுமில்லை. அவனைக் கெடுத்தது இடங்கொடுத்த பெருந்தன்மையன்று. இருந்து கேளாத அலட்சியமே.

நாடகத்தின் வலிமையை நம்மைவிட அந்நிய ஆட்சி நன்கு அறிந்திருந்தது. அவுரித் தோட்டக்காரரின் கொடுமையைக் காட்டிய தீனபந்து மித்ராவின் 'நீல தர்ப்பணம்' 1860-இல் வெளிவந்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காக ஜேம்ஸ் லாங் பாதிரியார் 1861-இல் ஒரு மாதம் சிறையிருந்தார். ஆயிரம் ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டது. 1876-இல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் பிறந்தது. சுதந்திரம் வந்த பின்னரும் நாம் அந்தப் பழக்கத்தை விடவில்லை. 1954-இல் சென்னை ராஜ்யம் தனக்கென ஒரு நாடகச் சட்டம் இயற்றிக்கொண்டது. அதன் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2013-இல் செல்லாதவையாக்கியது. 1876-ஆம் ஆண்டுச் சட்டம் 2018-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில்தான் ஒழிந்தது.

ஆக, போலீஸ்காரர் வாசலை விட்டுப் போய்விட்டார். ஆனால் தடை போய்விட்டதா? இன்று ஒவ்வொருவரும் தமக்குத் தாமே தணிக்கை அதிகாரியாகிவிட்டனர். கைப்பேசியோ, நமக்குப் பிடித்த குரலையே திரும்பத் திரும்பக் காதில் ஓதுகிறது. சர்க்கார் பறிமுதல் செய்த நூலை மறைத்து வைத்துப் படித்தனர் நம் முன்னோர். பறிமுதல் செய்வார் யாருமில்லாத நாளில் நாம் படிக்க மறுக்கிறோம். எது இழிவு?

பொய்யையும் அவதூறையும் வீட்டில் சேர்த்து வையுங்கள் என்று நாம் சொல்லவில்லை. எதிர்க்கட்சியின் சிறந்த வக்கீல் யாரோ, அவருடைய நூல் ஒன்றேனும் இருக்கட்டும் என்கிறோம். அதைப் படித்த பின்னும் நிற்கும் கொள்கையே கொள்கை. படித்ததும் விழுந்துவிடுமாயின், அது என்றைக்காவது விழ வேண்டியதே. கூட்டத்தின் நடுவில் விழுவதைவிட வீட்டில் விழுவது நல்லது.

"தாங்கள் எந்தப் பக்கம்?" என்ற கேள்விக்கும் விடை சொன்னோம்: "தேசத்தின் பக்கம். அந்தப் பக்கம் நாம் நிற்பது சரியாகத்தான் இருக்கிறதா என்று நாள்தோறும் நம்மைக் கேட்பவர்கள் இவர்கள்."

இளைஞர் சிறிது நேரம் பேசாதிருந்தார். புறப்படும்போது, தம் கட்சியினர் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கும் நூலொன்றை இரவல் வாங்கிச் சென்றார். எந்த நூல் என்பதை இங்கே சொல்வது மரியாதையாகாது. அலமாரியில் அதன் இடம் காலியாக இருக்கிறது. இரவல் போன புத்தகத்துக்காக நாம் வருந்தாதிருப்பது இதுவே முதல் தடவை.