பெரிய சைக்கிளா, பொருந்தும் சைக்கிளா?



கடந்த மாதம் ஆராதனை முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் சபைத் தம்பி ஒருவர் கைபேசியை நீட்டினார். "அக்கா, இதைப் பாருங்கோ. 3,200 பிராங். பாவிச்சதுதான், ஆனால் புதுசு மாதிரி இருக்கு." படத்தில் இருந்தது ஒரு என்டூரோ சைக்கிள். தொழிற்பயிற்சிச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்த காசு அது. பக்கத்தில் நின்ற அவருடைய அம்மா மெதுவாகச் சொன்னார்: "பிள்ளை, சைக்கிளே வேண்டாமெண்டு சொல்லிப்போடுங்கோ."

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை வாலிபருடன் ஊட்லிபெர்க் மலைக்குச் சைக்கிள் ஓடுகிறவர்கள் என்பதால், இந்த வழக்கு எங்களிடம் வந்தது. மகனுக்கு மிகப் பெரியது வேண்டும். அம்மாவுக்கு ஒன்றுமே வேண்டாம். இருவரையும் ஒரு மேசையில் இருத்திக் கதைத்தோம். அன்று கதைத்தது உங்களில் பலருக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறோம்.

முதலில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். ட்ரெயில் சைக்கிள் ஏறவும் இறங்கவும் பொதுவாகச் செய்யப்பட்டது. அதன் சஸ்பென்ஷன் ஏறக்குறைய 120 முதல் 150 மில்லிமீற்றர் வரை அமுங்கும். என்டூரோ என்பது முதலில் ஒரு பந்தய முறையின் பெயர். ஒரே நாளில் பல இறக்கங்கள் இருக்கும். இறக்கங்களுக்கு மட்டுமே நேரம் கணக்கெடுப்பார்கள். ஏற்றத்துக்கு நேரக் கணக்கு இல்லை, ஆனால் அடுத்த தொடக்கத்துக்கு உரிய நேரத்தில் போய்ச் சேர வேண்டும். 2013 இல் என்டூரோ வேர்ல்ட் சீரிஸ் என்ற உலகத் தொடர் ஆரம்பமானது. 2019 இல் அது எங்கள் சுவிஸின் செர்மாட்டிலும் நடந்தது. அப்படிப்பட்ட ஓட்டத்துக்கான சைக்கிளில் முன்பக்கச் சஸ்பென்ஷன் 160 முதல் 180 மில்லிமீற்றர் வரை இருக்கும். முன்சில்லு இன்னும் முன்னே தள்ளி நிற்கும், ரயர் தடிப்பு, பிரேக் பெரிது. நிறையும் பெரும்பாலும் ஒன்றிரண்டு கிலோ கூட.

கல்லும் வேரும் நிறைந்த செங்குத்தான இறக்கத்தில் என்டூரோ அருமையான சைக்கிள். அதில் சந்தேகமில்லை. ஆனால் சூரிச்சிலிருந்து ஊட்லிபெர்க் உச்சிக்கு ஏறக்குறைய 450 மீற்றர் உயரம் மிதிக்க வேண்டும். கூடுதல் நிறையும் தடித்த ரயரும் ஒவ்வொரு மிதியிலும் தெரியும். இறக்கத்திலும், பாதை மென்மையாக இருந்தால் பெரிய சஸ்பென்ஷன் எல்லாவற்றையும் விழுங்கிவிடும்; ஓடுவதில் சுவையே இருக்காது.

இதை நாங்கள் சொந்தக் காசு கொடுத்துத்தான் படித்தோம். முதலில் வாங்கியது ஒரு என்டூரோ. ஏற்றத்தில் எப்போதும் கடைசி ஆள் நாங்களே. மெல்ல மெல்லச் சாட்டுச் சொல்லத் தொடங்கினோம். சைக்கிள் நிலவறையில் தூசி பிடித்தது. கடைசியில் நட்டத்துக்கு விற்றோம்.

ஆகவே தம்பியிடம் கேட்டோம்: "போன வருடம் எத்தனை தரம் ஓடினீர்? எங்கே?" விரல் விட்டு எண்ணினார். மொத்தம் 14 தரம். அதில் 12 தரம் வீட்டிலிருந்து மிதித்துப்போய் ஊட்லிபெர்க்கிலும் பக்கத்துக் காடுகளிலும். இரண்டு தரம் மட்டும் கேபிள் காரில் ஏறி இறங்கும் மலைப் பூங்காவில். "அப்ப அந்த 12 நாளுக்கும் எந்தச் சைக்கிள்?" என்றோம். பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "எல்லாரும் அதுதானே அக்கா வைச்சிருக்கினம்" என்றார்.

அதோடு முடியவில்லை. கோப்பையைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்: "விழுந்ததுக்குப் பிறகு கல்லுப் பாதையைக் கண்டால் பயமா இருக்கு. பெரிய சைக்கிள் எண்டால் பயம் தெரியாது."

போன கோடையில் நண்பரிடம் இரவல் வாங்கிய என்டூரோவில்தான் அவர் விழுந்தார். கை கொஞ்சம்தான் வீங்கியிருந்தது. முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் பெருவிரலின் அடியில் உள்ள குழியை அழுத்தினால் வலித்தது. பிறகுதான் ஸ்கேஃபாய்ட் என்ற சின்ன எலும்பு உடைந்திருப்பது தெரிந்தது. அந்த எலும்புக்கு இரத்த ஓட்டம் குறைவு. ஆறுவதற்கு நாள் எடுக்கும். மின் வேலை பழகும் பிள்ளைக்குக் கைதானே எல்லாம்? அம்மா எத்தனை இரவு நித்திரை இல்லாமல் ஜெபித்திருப்பார்! (கையை ஊன்றி விழுந்தபின் அந்தக் குழியில் வலித்தால், வீக்கம் இல்லாவிட்டாலும் வைத்தியரிடம் போங்கள். தாதி வேலை பார்க்கிற அக்காவின் வார்த்தையாக இதை வைத்துக்கொள்ளுங்கள்.)

பயம் வருவது பாவமல்ல. மெதுவாகப் போ, இறங்கிப் பார், இன்னும் பழகு என்று அது சொல்கிறது. பெரிய சைக்கிள் அந்தக் குரலை அமர்த்திவிடும். கல் தெரியாது, வேகம் தெரியாது. கைக்கு வராத திறமையைச் சைக்கிள் கொஞ்ச நேரம் தாங்கும். அது தாங்காத இடம் வரும்போது நாம் முன்னையைவிட வேகமாக விழுவோம்.

தாவீது சவுலின் கவசத்தைக் கழற்றி வைத்ததை வாலிபர் கூட்டத்தில் பல தரம் படித்திருக்கிறோம். அந்தக் கவசத்தில் குறை இல்லை. ராஜாவுக்குரிய கவசம் அது. ஆனால் தாவீதுக்கு அதில் பழக்கமில்லை. போட்டுப் பார்த்தான், நடந்து பார்த்தான், பிறகு வெட்கப்படாமல் கழற்றினான். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது கழற்றி வைப்பதற்கும் துணிவு வேண்டும்.

இதை வாசித்துவிட்டு என்டூரோ கூடாது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் கூட்டத்தில் ஒரு தங்கை கோடை முழுவதும் அண்ணனோடு லென்சர்ஹைடேக்குப் போகிறார். 2018 இல் உலகக் கிண்ண வீரர்கள் உலகச் சம்பியன் பட்டத்துக்காக ஓடிய மலை அது. முறையாகப் பயிற்சி எடுத்திருக்கிறார்; பந்தயத்துக்கும் ஆயத்தமாகிறார். அவரிடம் நாங்களே சொன்னோம், "உமக்கு என்டூரோதான் சரி" என்று. அவருடைய மலை வேறு.

வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. முடிவெடுக்கும் முன் இரண்டு வகையையும் ஒவ்வொரு நாள் வாடகைக்கு எடுத்து, நீங்கள் வழமையாக ஓடும் பாதையிலேயே ஓடிப் பாருங்கள். பாவித்த சைக்கிள் என்றால் சட்டத்தில் வெடிப்பு இருக்கிறதா, பிரேக் எப்படி, சஸ்பென்ஷனைக் கடைசியாக எப்போது கழற்றித் துப்பரவு செய்தார்கள் என்று கேளுங்கள். சஸ்பென்ஷனில் உள்ள காற்றை உங்கள் நிறைக்கு ஏற்ப மாற்றுங்கள். 85 கிலோ ஆளுக்கு அடித்த காற்று 60 கிலோ பிள்ளைக்குக் கல்லுப் போல இருக்கும். ஹெல்மெற், முழங்கால் கவசம், ஒரு நாள் பயிற்சி வகுப்பு, இவற்றுக்கான காசை முதலில் ஒதுக்கிவிட்டு மீதியில் சைக்கிள் தேடுங்கள்.

பெற்றோரே, உங்களிடமும் ஒரு வார்த்தை. வேண்டாம் என்ற ஒரே சொல்லோடு நிறுத்தினால், பிள்ளைகள் இரவல் சைக்கிளில் உங்களுக்குத் தெரியாமல் ஓடுவார்கள். போன வருடம் நடந்தது அதுதான். எங்கே ஓடுகிறாய், யாரோடு ஓடுகிறாய் என்று கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள்.

தம்பி 2,300 பிராங்குக்கு ஒரு ட்ரெயில் சைக்கிள் வாங்கினார். மீதியில் ஹெல்மெற்றும் கவசமும் வாங்கி, பயிற்சி வகுப்புக்கும் பெயர் கொடுத்தார். கல்லுப் பாதையின் தொடக்கத்தில் இன்னும் இறங்கி நின்று பார்க்கிறார். சில நாள் ஓடுகிறார். சில நாள் தள்ளிக்கொண்டு வருகிறார். போன சனிக்கிழமை நாங்கள் மூச்சு வாங்க ஊட்லிபெர்க் உச்சிக்கு வந்தபோது, அவருடைய அம்மா ரயிலில் எங்களுக்கு முன்பே வந்து, பிளாஸ்க்கில் தேநீரோடும் ஒரு பெட்டி ரோல்ஸோடும் காத்திருந்தார். மகனின் கையைப் பிடித்து மணிக்கட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு, "அடுத்த முறையும் வாறன்" என்றார்.

அடுத்த ஓட்டம் இந்த மாத இரண்டாம் சனிக்கிழமை காலை 9 மணிக்கு. ஜெபத்தோடு புறப்படுவோம். எந்தச் சைக்கிள் என்றாலும் வாருங்கள். ஹெல்மெற் இல்லாமல் மட்டும் வராதீர்கள். கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காப்பாராக.